தகப்பன் பெயரும் தாத்தா கண்ணும்

ஜார்ஜ் டவுனில் கேனன் சதுக்கத்துக்குள் நுழைந்து, கல்லிலும் மரத்திலும் நுட்பமான சித்திர வேலைப்பாடுகளைத் தாங்கி நிற்கும் கூ கொங்சி மண்டபத்தை ஒரு முறை பார்த்தவர்கள், ஒரு வம்சம் தன் பெயரை எவ்வளவு சிரத்தையோடு காப்பாற்ற முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேடமாட்டார்கள். சீனத்து பூஜியன் மாகாணத்தின் ஒரே கிராமத்திலிருந்து வந்து, 'கூ' என்னும் ஒரே குலப்பெயரைத் தாங்கியவர்கள், முன்னிருந்த மண்டபம் தீக்கிரையான பிறகு 1906-ல் கட்டி முடித்த கட்டடம் அது. உள்ளே முன்னோர்களின் பெயர் பொறித்த பலகைகள் வரிசையாக நிற்கின்றன. கடற்கரைக்கு வந்தாலோ, மரக்கால்களின்மேல் வீடு கட்டிக்கொண்டு சியூ குலத்தார் ஒரு ஜெட்டி முழுவதையும் தம் பெயராலேயே வழங்கச் செய்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுப் பெர்ரி ஏறி, இக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கிப் பாகான் டாலாமுக்கு வந்து சேரும் தமிழனை, 'உன் வம்சத்தின் பெயர் என்ன?' என்று ஒருவர் கேட்டால், அவன் தன் தகப்பனார் பெயரைச் சொல்லுவான். இன்னும் வற்புறுத்தினால் பாட்டனார் பெயரைச் சொல்லுவான். அதற்கு மேல் கேட்டால், 'இருங்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்து போய்விடுவான்.

இதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை. நம்முடைய பெயர் முறையே அப்படிப்பட்டது. தமிழ்நாட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து நம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. மலேசியாவில் அவர் பெயர் முழுவதுமாக நம் பெயருக்குப் பின்னால், 'ஏ/எல்' என்றோ 'ஏ/பி' என்றோ அடையாளக் கார்டில் இடப்படும் இரண்டு எழுத்துக்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. எங்கே நின்றாலும் அதன் ஆயுள் ஒரு தலைமுறைதான். என் மகனுக்கு என் பெயர் உண்டு. அவன் மகனுக்கு அது இல்லை. இந்தக் குறையைச் சரிக்கட்டத்தானோ என்னவோ, முதல் பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடுகிற சம்பிரதாயத்தை நம்மவர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவனுக்கு அந்தச் சம்பிரதாயமே பெரிய சங்கடமாகிவிடுகிறது. ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி, மறுபடியும் ராமசாமி மகன் முத்துசாமி என்று சக்கரம்போல் சுழன்று வரும் பட்டியலில், நாம் தேடுகிற முத்துசாமி பாட்டனா, பேரனா, அல்லது நமக்கு ஒட்டும் உறவும் இல்லாத அடுத்த தோட்டத்து முத்துசாமியா என்று நிச்சயிப்பதற்குள் பொழுது போய்விடும்.

நம்மவர்களிலேயே இந்தச் சங்கடத்துக்கு உள்ளாகாத இரண்டு கூட்டத்தார் பினாங்கில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒவ்வொருவரும் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி முதலான ஒன்பது கோவில்களில் ஒன்றைச் சேர்ந்தவர். மணமகனின் கோவிலிலிருந்து மாலை வந்து கல்யாணம் நடந்தேறிய பிறகு, அந்தத் தம்பதி கோவில் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறிவிடுகிறார்கள். இது போதாதென்று, பல தலைமுறைகளின் முதலெழுத்துக்களைக் கோத்து விலாசமாக வைத்துக்கொண்டு, அதன் பெயராலேயே கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். தண்ணீர்மலைக் கோவிலுக்குத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் போகும்போது அதைச் சூழ்ந்து வருகிறவர்களில், தம் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயரை யோசிக்காமல் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார் மரைக்காயர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் வியாபாரத்துக்கு வந்த அவர்களுடைய பட்டப்பெயர், குமாஸ்தாக்களின் பேனா முனையில் 'மெரிக்கன்' என்று உருமாறி, பினாங்கிலும் கெடாவிலும் இன்றைக்கும் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. வீட்டில் பேசுகிற பாஷை மலாயாக மாறிப் பல தலைமுறைகள் சென்ற குடும்பங்களிலும்கூட அந்தப் பெயர் மட்டும் அழியவில்லை. வியாபாரம் செய்தவனுக்குப் பெயர் ஒரு சொத்து. ஆகையால் அவன் அதைப் பத்திரப்படுத்தினான்.

கூலிக்கு வந்தவனுக்கு அந்த அவசியம் இருக்கவில்லை. ஜாதிப் பட்டம் குடும்பப் பெயராகாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் பொதுவாகப் பூண்டுகொள்ளும் ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு தன் கொள்ளுப்பாட்டனாரைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்புகிறவரோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. கூலிக்கு வந்தவனைத் தேட ஊர்தான் வழி. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் போய், தன் பந்துக்களையும் அண்டை அயலாரையும் திரட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினான்; ஆகவே கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வம்சாவளி தெரிந்த மாதிரிதான். பினாங்கை நெருங்கியதும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் இருந்து, பிறகு செபராங் பிறைக்கோ கெடாவுக்கோ பேராக்குக்கோ பிரிந்து போனார்கள். இந்தியச் சர்க்கார் கூலிகளை அனுப்புவதை 1938-ல் நிறுத்தும் வரையில் இந்தப் போக்குவரத்து நடந்தது. அத்தனை பேரைப் பற்றியும் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு வரி எழுதித்தான் இருப்பார். ஆனால் அந்த வரியில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'மெட்ராஸ்' என்று ஒரு ராஜதானியே இருக்கும்.

என் தகப்பனார் வழிப் பாட்டனாரின் அடையாளக் கார்டு எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. 1948-ல் அவசரகாலம் பிறந்தபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கார்டு கொடுக்கத் தொடங்கினார்கள்; பிறந்த தேதி அறியாத கிழவர்களுக்கெல்லாம் அப்போது ஓர் உத்தேச ஆண்டு கிடைத்தது. வம்சாவளி தேடுவது பென்ஷன் வாங்குகிறவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், எங்கள் பக்கத்துச் சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தத் துறைமுகத்திலேயே உழைத்து, தலை நரைத்த பின்னும் நீலக் கார்டு கைக்கு வராமல், நிரந்தரவாசி என்ற அளவிலேயே நின்றுபோனவர்கள் உண்டு. தோட்ட லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கத் தகப்பனுக்குத் தோன்றவில்லை; அந்த ஒரு தாள் இல்லாமற் போனதால் பேரன்வரையில் அலைகிறான். தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வி அவனுக்குப் பிரஜா உரிமைக் கேள்வி.

எனக்கோ அவ்வளவு கஷ்டம் நேரவில்லை. என்னைத் தேட வைத்தவன் என் தங்கையின் மகன். கப்பலில் மேல்தட்டு அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது அவனுக்குச் சிறு வயது முதற்கொண்டு ஆசை; துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையனுக்கு வேறு என்ன ஆசை வரும்? வைத்தியப் பரிசோதனையில், புள்ளி புள்ளியாக அச்சிட்ட இஷிஹாரா புத்தகத்தை அவன் முன்னால் விரித்து, உள்ளே தெரியும் எண்ணைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பல பக்கங்களில் அவனுக்கு எண் எதுவும் தெரியவில்லை. நேரே என்னிடம் வந்து, "மாமா, நம்ம வீட்ல யாருக்காச்சும் சிவப்பு பச்சை தெரியாதா?" என்றான். எனக்கே தெரியாது. சட்டை எடுக்கப் போகும்போது மனைவியைக் கூடவே அழைத்துப் போவதைத் தவிர அதனால் எனக்கு வேறு தொந்தரவு இல்லாதபடியால், அதை என் சொந்த அசட்டுத்தனம் என்று எண்ணியிருந்தேனே அல்லாமல், பிதிரார்ஜிதம் என்று நினைத்ததில்லை. உண்மையில் அது பிதிரார்ஜிதம் அல்ல என்பதுதான் விசேஷம்.

என் தாயாரின் தமக்கை, எண்பதைத் தாண்டிய பெரியம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சற்றும் ஆச்சரியப்படவில்லை. "எங்கப்பாருக்கு இருந்ததுதானே தம்பி! ரயில்ல பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குப் போனாராம். கலர் கலரா நூலைக் குவிச்சு வெச்சு, பச்சையெல்லாம் பொறுக்கிப் போடுன்னாங்களாம். இவரு என்னத்தையோ பொறுக்கிப் போட்டுட்டு, துரை சிரிக்கிறான்னு கோவிச்சிக்கிட்டு வந்துட்டாராம். அப்புறந்தான் இங்க கப்பல் பட்டறைக்கு வந்தாரு" என்றாள்.

பெரியம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அவள் சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை. ஸ்வீடன் தேசத்தில் 1875-ல் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்ட விபத்துக்குப் பிறகு, சமிக்ஞை விளக்கின் நிறம் தெரியாதவனால்தான் அது நேர்ந்திருக்கும் என்று சந்தேகித்த ஹோல்ம்கிரென் என்ற பண்டிதர், சாயம் போட்ட கம்பளி நூல்களைப் பொறுக்கச் சொல்லும் பரீட்சையை ஏற்படுத்தினார். அது உலகத்து ரயில் இலாகாக்களில் வெகுவாகப் பரவியது. முசிறித் தாலுக்காவிலிருந்து வந்த என் தாத்தா பிறைக் கரையில் உட்கார்ந்து பொறுக்கியது அந்த நூலைத்தான். அணுக் கொள்கையால் பேர்பெற்ற ஜான் டால்டனுக்கும் இதே பார்வைதான். 1794-ல் தன் கண்ணைப் பற்றித் தானே ஒரு வியாசம் வாசித்த அந்த மனிதர், தாம் இறந்த பிறகு கண்களை எடுத்துப் பரிசோதிக்கும்படி ஏற்பாடு செய்தார். பத்திரமாக வைத்திருந்த எச்சத்தை 1995-ல் மரபணு சோதனை செய்து, பச்சையை உணரும் பகுதியே அவருக்கு இல்லை என்று கண்டார்கள்.

இந்தக் குறை இறங்கும் வழி மிக விசித்திரமானது. ஹார்னர் என்ற சுவிஸ் கண் வைத்தியர் 1876-லேயே அதை எழுதி வைத்தார். தகப்பனிடமிருந்து மகனுக்கு இது போவதில்லை. தகப்பனிடமிருந்து மகளுக்குப் போகிறது. அவளுக்குப் பெரும்பாலும் பார்வையில் குறை ஒன்றும் தோன்றுவதில்லை. அவள் வயிற்றில் பிறக்கும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது வெளிப்படலாம். ஆகவே என் பெயரை அடையாளக் கார்டில் சுமந்து திரியும் என் மகன்கள் நிறத்தில் ஏமாறமாட்டார்கள். என் பெயரே இல்லாத என் மகளின் பிள்ளை ஒருவன் ஏமாறக்கூடும். பௌத்திரனுக்குப் பெயரையும் தௌகித்திரனுக்குக் கண்ணையும் கொடுத்துவிட்டுப் போகிறோம். சர்க்கார் பதிவேடு முதற்கொண்டு கல்யாணப் பத்திரிகை ஈறாக நாம் எழுதி வைத்திருப்பதெல்லாம் முன்னதைத்தான். விஞ்ஞானிகளும் நெடுங்காலத்துக்கு முற்பட்ட வழியைத் தேடும்போது ஆண் வழியைப் பிடித்ததுண்டு: மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பனும் அமெரிக்கரான ஸ்பென்ஸர் வெல்ஸும், மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற அடையாளத்தைக் கண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதரின் தடம் அது என்றார்களே, அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற ஓர் எழுத்துதான்.

தாத்தாவின் கண் தாத்தாவுக்கு எங்கிருந்து வந்தது? இதே விதிப்படி அவருடைய தாயாரிடமிருந்து வந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் கடல் கடக்கவே இல்லை. கப்பல் பட்டியலில் இல்லை, தோட்டத்துச் செக்ரோலில் இல்லை, அடையாளக் கார்டு காலத்துக்கு முன்பே காலமாகிவிட்டாள். மகன் கார்டில் அவன் தகப்பன் பெயர் இருக்கிறது. மூன்று தலைமுறைக் குடும்பத்துக்குக் கண்ணைக் கொடுத்தவளைப் பற்றி உலகத்தில் ஒரு துண்டுத்தாள் கிடையாது.

பெரியம்மா வீட்டு மர அலமாரியிலிருந்து மொய் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நம் குடும்பங்களின் நிஜமான வம்சாவளி மொய் நோட்டுதான் என்பது என் அபிப்பிராயம். யார் எந்த ஊர், யார் தாய்மாமன், எவருக்கு எவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதையெல்லாம் அதைப்போல் ஒளிவுமறைவின்றிச் சொல்லும் தஸ்தாவேஜு வேறில்லை. அங்கேதான் என் தகப்பனாரின் தாயாரும் என் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள் என்பது ஊர் பெயரோடு எழுத்தில் அகப்பட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அப்பா மாமன் மகளைக் கட்டிக்கொண்டார், அவ்வளவே. ஆயினும் காகிதத்தில் வரைந்து பார்க்கும்போது அதன் விளைவு வேறு விதமாகத் தெரிகிறது. பாட்டன், பாட்டி என்று நான்கு பேர் இருக்கிறார்கள்; அவர்களுக்கு மேலே எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில், எனக்கு ஆறு பேர்தான். அந்தக் கொள்ளுப்பாட்டியும் அவள் புருஷனும் இரண்டு பக்கத்திலும் வந்து நிற்கிறார்கள். முறைப்பெண்ணைக் கட்டுகிற நம் குடும்பங்களில் மூக்கும் காதும் முன்வழுக்கையும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதற்கு இதைவிட வேறு ரகசியம் வேண்டியதில்லை.

படத்தைப் பெரியம்மாவின் முன்னால் விரித்து, இரண்டு வெற்றுக் கட்டங்களையும் காட்டி, "அந்தக் கொள்ளுப்பாட்டி பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேற யாரு பேரு வெச்சாங்கன்னு நெனச்சே? மூத்த பேத்திக்கு அப்பாயி பேருதானே!"

பெரியம்மாவின் பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினேன். என் மருமகன் பக்கத்திலிருந்து அதை உரக்க வாசித்துக் காட்டினான். கப்பல் ஏறும் யோசனையை விட்டுவிட்டுத் துறைமுகச் சரக்கு அலுவலகம் ஒன்றில் அவன் இப்போது உத்தியோகம் பார்க்கிறான். பெரியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"ஒரே ஆளுக்கு எதுக்குப்பா ரெண்டு எடம்?"

உங்கள் தகப்பனாருக்கும் அவள் தாய், என் அப்பாவைப் பெற்றவளுக்கும் அவள் தாய், ஆகையால் இரண்டு பக்கமும் எழுத வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். அவள் சிறிது நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டு, அப்படியானால் தன் கட்டத்திலும் அதையே எழுதி மூன்றாக்கிவிடும்படி சொல்லிவிட்டு, மொய் நோட்டுகளை அடுக்கிப் பழையபடி அலமாரியில் வைக்க எழுந்து போனாள்.