மூச்சின் கணக்கு

நோய் புகுந்த வீட்டில் முதலில் எழும் வினா, "எவ்வளவு கடுமை?" என்பதே. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கூறிய சொல்லே முடிவாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அச்சொல்லின் இடத்தைக் காகிதத்தில் அச்சான எண்கள் பிடித்துக்கொண்டன. எண்கள் பயனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்நாளில் எடுத்த எண், யாருக்கு எடுத்த எண், மறுநாள் அது எப்பக்கம் நகர்ந்தது என்பவற்றை ஆராயாமல் அதனை நம்புவதும் ஆபத்து. அதற்கு அஞ்சி நடுங்குவதும் ஆபத்து. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தலைநகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றன.

அந்நாட்களை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 19 இரவு முதல் ஊரடங்கு. மறுநாள் ஒரு நாளில் மட்டும் டில்லியில் 28,000-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா கண்டறியப்பட்டது. மருத்துவமனைகளில் படுக்கை இல்லை, பிராணவாயு இல்லை. ஏப்ரல் 27 அன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து டில்லிக்கு முதல் ஆக்சிஜன் வண்டி வந்து சேர்ந்தபோது, ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு நம் இருப்புப்பாதையின்மேல் ஏற்பட்ட பெருமிதமும், ஊரின் நிலையை எண்ணி எழுந்த துயரமும் ஒருசேர நெஞ்சை அடைத்தன.

மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சோதனையின் முடிவு வருவதற்கே பல நாட்கள் ஆயின. ஆகவே காய்ச்சல் கண்ட மக்கள், ஒன்றிரண்டு நாளிலேயே நெஞ்சை ஸ்கேன் எடுக்கவும், இரத்தத்தில் ஏழெட்டுச் சோதனைகளைச் செய்யவும் ஓடினர். மோதி பாக்கில் எங்கள் குடியிருப்பில் மாடிக்கு மாடி பேசப்பட்டது இதுவே: "உங்களுக்கு ஸ்கோர் என்ன?" பரீட்சை மதிப்பெண்ணைக் கேட்பது போன்றே கேட்டார்கள்.

அந்த மதிப்பெண் யாது? நம் நுரையீரலில் வலப்புறம் மூன்று, இடப்புறம் இரண்டு, ஆக ஐந்து மடல்கள் உள்ளன. சி.டி. ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு மடலிலும் நோய் எவ்வளவு பரவியுள்ளது என்று பார்த்து, 0 முதல் 5 வரை மதிப்பிடுவர். கூட்டினால் 25. பொதுவாக 8-க்கு உட்பட்டதை இலேசு என்றும், 15 வரை நடுத்தரம் என்றும், அதற்குமேல் கடுமை என்றும் வகுத்தனர். ஆனால் படம் எடுத்த நாளின் நிலையைத்தான் படம் காட்டும். நோய் நுரையீரலில் இறங்குவது பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியில். இரண்டாம் நாளில் எடுத்த படம் தெளிவாக இருப்பதில் வியப்பில்லை. எட்டாம் நாளைப் பற்றி அது ஒன்றும் கூறாது.

இரத்தச் சோதனைகளும் அத்தகையனவே. சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி எழும்போது கல்லீரல் மிகுதியாக உண்டாக்கும் புரதம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் முதன்முதல் கண்டறியப்பட்டது. எந்தத் தொற்றிலும் அது உயரும். டி-டைமர் என்பது இரத்தக்கட்டு கரையும்போது பிறக்கும் துணுக்கு. முதுமையிலும் கருவுற்ற காலத்திலும்கூட அது கூடியிருக்கும். ஃபெரிட்டின் இரும்புச் சத்தைச் சேமிக்கும் புரதம். வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்னும் வகை குறைவது நோய் முற்றுவதற்கான ஓர் அடையாளம். இவற்றைத் தனித்தனியே பார்ப்பதைவிட, ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். வண்டி ஒரு நிலையத்தைக் கடந்த நேரத்தை மட்டும் வைத்து அது தாமதப்படுகிறது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை; அடுத்த நிலையத்தின் நேரமும் வேண்டும்.

கணக்கு எழுதிப் பழகியவன் ஆதலால் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. டி-டைமரை ஒரு கூடம் 0.5 என்று எழுதும். மற்றொரு கூடம் 500 என்று எழுதும். இரண்டும் ஒன்றே, அளவு அலகுதான் வேறு. கிலோவையும் குவிண்டாலையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு என்னாகும்? "நேற்று அரை, இன்று ஐந்நூறு" என்று ஒரு வீட்டில் அழுகைக் குரல் எழுந்ததை நான் அறிவேன்.

அச்சமயம், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராயிருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, மே 3 அன்று ஓர் எச்சரிக்கை விடுத்தார். நோய் இலேசாக உள்ளவர்களுக்கு ஸ்கேனும் இரத்தச் சோதனைகளும் தேவையில்லை என்றார். அறிகுறியே இல்லாதவர்களில்கூட 30 முதல் 40 சதவீதத்தினரின் படத்தில் திட்டுகள் தென்பட்டு, மருந்தின்றியே மறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன என்றார். ஒரு ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்-ரே படங்களுக்குச் சமம் என்றும் கூறினார். கதிர்ப்பட வல்லுநர்களின் இந்தியச் சங்கம் இதை மறுத்து, இக்காலக் கருவிகளில் கதிரின் அளவு மிகவும் குறைந்துவிட்டது என்றது. கதிரின் அளவில் அறிஞர்கள் மாறுபட்டனர். ஆயினும் வீட்டிலிருப்போர்க்கு முக்கியமான செய்தி வேறு. படத்தில் திட்டைக் கண்டு அஞ்சி, முதல் வாரத்திலேயே ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கத் தொடங்கினால் கேடு நேரும் என்பதே அது. 2020 ஜூனில் வெளிவந்த இங்கிலாந்தின் பெரிய ஆய்வும், டெக்சாமெத்தசோன் மருந்து பிராணவாயு தேவைப்படுவோரின் உயிரைக் காக்கிறது, தேவைப்படாதோர்க்குப் பயன் தரவில்லை என்றே காட்டியது. கடுமையை நிர்ணயிக்கும் முதல் அளவுகோல் படமன்று, பிராணவாயுவே. அரசாங்க மருத்துவ நெறிமுறையும் அவ்வாறே வகுத்தது: 93-க்கு இறங்கினால் நடுத்தரம், 90-க்குக் கீழே கடுமை.

எங்கள் இல்லத்தில் அம்மாதக் கடைசியில் மூவருக்கும் காய்ச்சல் கண்டது: எனக்கும், என் மனைவிக்கும், 66 வயதான என் தாயாருக்கும். தாயாருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. ஊரிலிருந்து உறவினர் ஒவ்வொருவரும் தொலைபேசியில், "இன்னுமா ஸ்கேன் எடுக்கவில்லை?" என்று கேட்டனர். இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "உங்கள் இருவருக்கும் ஒன்றும் வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஐந்தாம் நாள் இரத்தம் பாருங்கள். நாளைக்கு நான்கு வேளை விரலில் ஆக்சிமீட்டர் வைத்து எழுதுங்கள். ஆறு நிமிடம் அறைக்குள் நடக்கச் சொல்லி, மறுபடியும் பாருங்கள்."

அவ்வாறே எழுதி வந்தேன். ஐந்தாம் நாள் சி.ஆர்.பி. 18. ஏழாம் நாள் 64. அன்று மாலை உட்கார்ந்திருக்கையில் 95 இருந்தது, நடந்தபின் 91 ஆயிற்று. தாயாரோ, "எனக்கு ஒன்றும் இல்லையடா, சற்றே அசதி" என்றார்கள். மூச்சு வாங்கவில்லை, முகம் வாடவில்லை. அந்த ஏட்டுத்தாள் இல்லையெனில் நானும் அதை அசதி என்றே நம்பியிருப்பேன். மருத்துவர் உடனே கிளம்பச் சொன்னார். பதினேழு இடங்களில் கேட்டபின் ஒரு படுக்கை கிடைத்தது. அங்கே எடுத்த ஸ்கேனில் 11. பிராணவாயுவும், ஸ்டீராய்டும், இரத்தம் உறையாதிருக்க ஊசியும் உரிய நேரத்தில் கிடைத்தன. ஒன்பது நாட்களில் இல்லம் திரும்பினார்கள்.

என் பிரிவில் பணியாற்றிய நண்பருக்கு அப்படி வாய்க்கவில்லை. வயது 38. இரண்டாம் நாளே ஸ்கேன் எடுத்தார். 25-க்கு 0 என்று அறிக்கை வந்தது. வீட்டார் மனம் குளிர்ந்தது. "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது" என்று எனக்கும் செய்தி அனுப்பினார். அதன்பின் எவரும் அவர் விரலில் கருவி வைத்துப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் பேச்சுத் தடுமாறியபோது பார்த்தால் 74. அவர் மீளவில்லை. அவருடைய மனைவி இரு குழந்தைகளுடன் இப்போது திருச்சிக்கு அருகே வாழ்கிறார். அந்தப் பூஜ்ய அறிக்கையை அம்மையார் இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார். அதில் எழுதியது பொய்யன்று; அந்த நாளுக்கு அது உண்மையே. அந்த ஒரு நாளின் உண்மையை அவர்கள் பின்வந்த ஏழு நாட்களுக்கும் நம்பியிருந்தார்கள்.

பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. என் தாயாருக்கு இந்தி தெரியாது. நோயாளியுடன் உள்ளே செல்ல எவருக்கும் அனுமதியில்லை. ஆதலால் ஒரே தாளில் அவர்கள் வயது, சர்க்கரை நோய், உண்ணும் மருந்துகள், காய்ச்சல் தொடங்கிய தேதி, அன்றாடப் பிராணவாயு அளவு, இரத்தச் சோதனையின் எண்கள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினேன். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் பார்த்தது அத்தாளையே என்று பின்னர் தாயார் கூறினார்கள். வாய் பேச இயலாத இடத்தில் அத்தாளே அவர்களுக்காகப் பேசியது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை விலக்கிக்கொண்டது. தடுப்பூசியாலும் முன்வந்த தொற்றாலும் அந்நோயின் வேகம் தணிந்துள்ளது. எனினும் எண்களின்பால் நமக்குள்ள மயக்கம் தணியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப்பின் டில்லியில் டெங்கு வருகிறது. பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டு நாம் தவிக்கிறோம். காய்ச்சல் தணியும் நாளில் தொடங்கும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு முதலிய அபாயக் குறிகளைக் கவனிக்கத் தவறுகிறோம்.

ஆகவே நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் மூன்று செயல்களைக் கைக்கொள்ள வேண்டுகிறேன். காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள். எந்தச் சோதனையும் மருத்துவர் கேட்ட நாளில், முடிந்தவரை ஒரே கூடத்தில் செய்யுங்கள். முதியோரின் நோய், மருந்து விவரங்களை இங்குள்ளோர் படிக்கக்கூடிய மொழியில் எழுதி, வீட்டில் யாவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். இதற்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவுமே.