சாட்சிக் கையெழுத்து

சென்ற ஐப்பசியில் சித்தப்பா ஒரு ஒப்பந்தக் காகிதத்தோடு சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தார். திருக்கழுக்குன்றம் சாலையில் எங்கள் பாகத்துக்கு வந்த ஏக்கரை ஒட்டி அவருடைய ஏக்கர் இருக்கிறது. அதைச் சவுடு மண் எடுக்க விடப்போகிறார். சாட்சிக்கு நான் வேண்டுமாம். "நீ பேங்க்ல இருக்கிறவன். உன் கையெழுத்து இருந்தா லாரிக்காரனுக்கும் ஒரு பயம் இருக்கும்" என்றார்.

எனக்கு இதில் முன் அனுபவம் உண்டு. 2009இல் அக்கா கல்யாணத்துக்காக அப்பா எங்கள் ஏக்கரை இப்படி விட்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அப்போது பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிரதியை எப்படி வாசிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்த வயது. அந்தக் காகிதத்தை மட்டும் வாசிக்கவில்லை. அதில் மூன்றடி ஆழம் என்று இருந்ததாம். பன்னிரண்டு அடி தோண்டினார்கள். முதல் நாளே லாரியேறிப் போனது மேல்மண்.

சித்தப்பாவின் வாதம் எளிமையானது. "உங்க பள்ளத்தைப் பாரு, பச்சைப் பசேல்னு இருக்கு. மண்ணு தானா வந்துடும்." பச்சையாக இருப்பது உண்மைதான். எல்லாம் சீமைக்கருவேலம். அது எந்த மண்ணிலும் வரும் என்பதால் எந்த மண்ணைப் பற்றியும் சொல்வதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

நான் கடலூர் ஜில்லாவில் ஒரு கிளையில் மூன்று வருஷம் இருந்தவன். நெய்வேலியின் மண்மேடுகளை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். 1957இல் தோண்டத் தொடங்கி, 1961இல் நிலக்கரியைக் கண்ட சுரங்கம். கரிக்கு மேலே கிடந்த மண்ணையெல்லாம் ராட்சச சக்கரங்கள் அள்ளிக் குவித்ததில் உண்டானவை அந்த மேடுகள். அவற்றின் மேல் மரம் வளர்க்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு. ஆனால் மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயுமாகப் புரட்டப்பட்ட மண் எப்போது மறுபடி மண்ணாகிறது? மரத்தை எண்ணி இதைச் சொல்லிவிட முடியாது. மரத்தை மனிதன் நடலாம், தண்ணீர் ஊற்றி நிறுத்தியும் வைக்கலாம். மண்ணுக்குள் இருக்கும் பிராணிகள் யார் சொல்லியும் வருவதில்லை. இருக்க முடிந்தால்தான் இருக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பாக்ஸைட் வெட்டியெடுத்து மறுபடி காடாக்கிய நிலங்களில் ஜானதன் மேஜர் என்பவர் 1970களிலிருந்தே எறும்புகளை எண்ணினார். முதலில் வெட்டவெளிக்குப் பழகிய சில வகைகள் வரும். நிழலும் சருகும் சேரச் சேர மற்ற வகைகள் வரும். எத்தனை எறும்பு என்பதைவிட எத்தனை வகை, எந்த வகை என்பதே முக்கியம். முறை சுலபமானது. ஒரு கண்ணாடிக் குப்பியை அதன் வாய் தரைமட்டத்துக்கு வருகிறாற்போல் புதைத்துவிட்டு, மறுநாள் விழுந்ததைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். மழை விட்ட ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளத்தில் ஐந்து தம்ளர், அவர் நிலத்தில் ஐந்து தம்ளர் புதைத்தேன். எறும்புகளின் பெயர் எனக்குத் தெரியாது. உருவத்தை வைத்துப் பிரித்தேன். பள்ளத்தில் மூன்று வகை. சித்தப்பா நிலத்தில் பதினொன்று. அவர் வரப்போரம் ஒரு தம்பலப்பூச்சியும் ஊர்ந்துகொண்டிருந்தது. சங்கக் கவிதையில் மூதாய் என்று வருகிற அதே சிவப்பு வெல்வெட். அதை முல்லைத்திணையின் அழகான கருப்பொருள் என்று மட்டுமே இதுவரை நினைத்திருந்தேன். அது பிற பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வாழ்வது. அது இருக்கிறதென்றால் அதற்குக் கீழே தின்னப்பட ஒரு கூட்டமே இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு மண்வெட்டி. அவர் நிலத்தில் வெட்டிய இடத்திலெல்லாம் மண்புழு. மேலே சிறு குவியல்களாக அவற்றின் கழிவு. எங்கள் பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை.

இங்கே என் பழைய கட்டுரை ஒன்றைச் சொல்ல வேண்டும். டார்வின் மண்புழுக்களைப் பற்றிய தம் கடைசிப் புத்தகத்தை 1881இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு வருஷம் பத்து டன்னுக்கு மேல் மண் அவற்றின் உடல் வழியாகப் போகிறது என்று கணக்கிட்டார். பத்து வருஷம் கழித்து வந்த 'மனோன்மணீய'த்தில் சுந்தரம் பிள்ளை ஒரு பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவோடு பேச வைத்தார். புகழ் வேண்டாத உழவனாக அதைக் கொண்டாடும் பகுதி அது. புழுவை நீதிபோதனைக்கு வேலைக்காரனாக்கிவிட்டார் என்று நான் கேலியாக எழுதினேன். விமர்சனமாக அது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் புழுவைக் குனிந்தாவது பார்த்திருக்கிறார். நான் அவர் வரிகளை மட்டுமே பார்த்துவிட்டு எழுதினேன்.

எங்கள் ஊரில் கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் தங்கள் நாட்டில் கடலை வற்றடித்து நிலம் எடுத்தவர்கள். அந்தப் புது நிலங்களில் மண்புழு கிடையாது. செத்த புல் மக்காமல் மேலே பாய்போல் படிந்து கிடந்தது. 1970களில் அங்கே புழுக்களைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். பாய் கரைந்து மண்ணோடு கலந்தது. ஆனால் புழுக்கள் பரவிய வேகம் வருஷத்துக்குச் சுமார் பத்து மீட்டர்தான்.

இந்தக் கணக்கைப் பள்ளத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் சதுரம் என்றால் பக்கத்துக்கு 64 மீட்டர். ஓரத்திலிருந்து நடுவுக்கு 32. நாலு வருஷத்தில் சித்தப்பாவின் புழுக்கள் எங்கள் நடுப்பள்ளத்துக்கு வந்திருக்க வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் வரவில்லை. காரணம் தூரம் அல்ல. பன்னிரண்டடிச் செங்குத்துச் சுவர். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர். கோடையில் செங்கலாக இறுகும் தரை. தின்னச் சருகு கிடையாது. பத்து மீட்டர் என்பது வாழத் தகுந்த இடத்தில்தான். எங்கள் நிலத்தில் அந்தக் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

சிறுபத்திரிகைக்காரன் மண்புழுவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சீக்கிரமே தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்பான். யாருக்கும் தெரியாமல் கீழே இருந்து உழைக்கிறோம், பண்பாடு எங்களால் வளமாகிறது, இத்யாதி. அந்த உருவகம் எனக்கு வேண்டாம். அந்தப் புழு எனக்கு நிகர் அல்ல. அது இருந்த இடத்தை விற்ற காகிதத்தில் என் பெயர் இருக்கிறது. எங்கள் உறவு அவ்வளவுதான்.

சித்தப்பாவிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எறும்பு, புழுக் கணக்கையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "புழு இருக்கிற நிலத்தை நான் என்னப்பா பண்றது? உழுறதுக்கு ஆள் இல்ல. எனக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு. உங்க அக்கா கல்யாணத்துக்கு மட்டும் மண்ணு மண்ணா தெரியலையா?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்ததுபோல் இங்கே எழுதினால் அது பொய். சாட்சிக்கு வேறு ஆள் கிடைத்தார். தை மாதம் லாரி வந்தது.

அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் நிலத்திலிருந்து புழுவோடு மேல்மண்ணை பக்கெட்டில் அள்ளி, எங்கள் பள்ளத்தில் தண்ணீர் நிற்காத ஒரு மேட்டு மூலையில் கொட்டினேன். மேலே சாணமும் சருகும் போட்டு மூடினேன். பதினாலு பக்கெட். ஒரு லாரியில் ஒரு மூலைக்குக்கூட வராது.

அப்பா இப்போது அதிகம் நடமாடுவதில்லை. அன்று ராத்திரி, "மண்ணு வந்துடுச்சாடா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணடின்னு நான் படிச்சேன்டா. உன்கிட்டயும் படிச்சுக் காட்டியிருக்கணும்" என்றார்.

போன வாரம் போய் மூலையைக் கிளறிப் பார்த்தேன். சருகுக்கு அடியில் இரண்டு புழு இருந்தன. மூடிவிட்டு வந்தேன்.