ஈ7 இறங்கிய கரை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பூகொரொகொரோ மிராண்டா. தேம்ஸ் வளைகுடாவின் கரை. நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கரையோரம் சிப்பி ஓடுகள் குவிந்து வெளுத்த திட்டுகள். ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் இங்கே வரவேண்டும். நீர் ஏறினால் சேற்றில் சிதறி மேயும் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. எல்லாம் இந்தத் திட்டுகளுக்கு ஒதுங்கிவிடும்.

நான் போனது மார்ச் மாதம். நீர் ஏற ஏறக் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின காட்விட் பறவைகள், நம் பட்டைவால் மூக்கன்கள். கோடியக்கரையில் நான் பார்த்துப் பழகியது இதன் உறவான கருவால் மூக்கனை. இரண்டுக்கும் நெட்டைக் கால், நெடிய அலகு. பறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். கருவாலுக்கு இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு. இங்கே வந்தவற்றின் இறக்கையில் அந்தப் பட்டையைக் காணோம். வாலில் குறுக்குக் கோடுகள். அலகும் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது, அடியில் இளஞ்சிவப்பு, நுனியில் கறுப்பு. ஆண்களின் மார்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. பெண்கள் உருவில் பெரியவை, நிறம் மங்கல், அலகு இன்னும் நீளம்.

கரைக்குப் பக்கத்தில் ஒரு பெண் பறவை ஒதுங்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. முகம் சேற்றில் படும்வரை அலகைச் செலுத்தி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒரு நீளப் புழுவை இழுத்தது. அலகின் நுனி நரம்புகள் நிறைந்தது. நுனியை மட்டும் தனியே திறக்கவும் முடியும். அதனால் கண்ணுக்குத் தெரியாத இரையைச் சேற்றுக்குள்ளேயே தொட்டறிந்து கவ்விவிடுகிறது. அதன் அடிவயிறு கனத்துத் தொங்கியது. அத்தனையும் பயணத்துக்கான கொழுப்பு.

இதே கரையில் 2007 பிப்ரவரியில் ஒரு பெண் பறவைக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். ஈ7 என்று பெயர். வடக்கே சீனாவின் யாலு ஆற்று முகத்துவாரத்தில் தங்கி, அலாஸ்கா போய்ச் சேர்ந்தது. கருவியின் பேட்டரி அதற்குள் தீர்ந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தீரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அலாஸ்காவை விட்ட ஈ7, எங்கும் இறங்காமல் பசிபிக்கைக் கடந்து, எட்டு நாளில் 11,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, இதே வளைகுடாவில் வந்து இறங்கியது. வழியில் உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடலில் இறங்கி மிதந்து இளைப்பாறும் பறவையும் இல்லை இது. புறப்படும் முன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் தேவைப்படாத பாரத்தை உடம்பே குறைத்துக்கொள்கிறது. 2022-இல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் கடந்தது. பெரியவை முன்பே கிளம்பிவிடுவதால் வழிகாட்டத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. இதைப் படித்திருந்தேன்தான். ஆனால் அந்த மெல்லிய கால்களை நேரில் பார்த்தபோது மனம் நம்ப மறுத்தது.

ஒவ்வொரு பறவைக்கும் இங்கிருந்து புறப்பட ஒரு நாள் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு சில நாள்தான் முன்பின் ஆகும். அலாஸ்காவில் பனி முதலில் உருகும் தெற்குப் பகுதியில் கூடு கட்டுபவை முன்னதாகவும், வடகோடிக்குப் போகிறவை பிந்தியும் கிளம்புகின்றன.

வடக்கே போகும்போது மட்டும் நடுவில் மஞ்சள் கடலின் கரையில் தின்று தேறியாக வேண்டும். அந்தக் கரைகளைத்தான் மனிதர்கள் அழித்துக்கொண்டே வந்தார்கள். தென்கொரியாவின் சேமாங்கும் சேற்றுவெளியை 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி 2006-இல் அடைத்துவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. யாலு முகத்துவாரம் மிச்சமிருக்கிறது. மிராண்டாவின் ஆர்வலர்கள் 2004-இல் அங்குள்ள இயற்கைக் காப்பகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அங்கேயே போய்ப் பறவைகளை எண்ணியிருக்கிறார்கள். இங்கே என் கண்ணெதிரே கொழுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பல, ஏப்ரலில் இறங்கப்போவது அந்தச் சேற்றில்தான்.