நம் ஊர்க் குழு

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் இரவு, ராமாபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு பூசல் மூண்டது. தொலைக்காட்சியில் பெங்களூர் சின்னசாமி விளையாட்டரங்கம். மகாராஜா கோப்பைக்கான இறுதியாட்டம். மைசூர் வாரியர்ஸ் குழுவினர் 20 ஓவர்களில் 4 விக்கெட்டுகளை இழந்து 207 ஓட்டங்கள் குவித்திருந்தனர். எதிர்த்து ஆடிய பெங்களூர் பிளாஸ்டர்ஸ் குழு 162 ஓட்டங்களோடு நின்றுவிட்டது. 45 ஓட்டங்களில் வெற்றி! எங்கள் பிள்ளைகள் இருவரும், "நாம் ஜெயித்துவிட்டோம்!" என்று கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த எங்கள் தந்தையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே, "நாமா? யார் அந்த நாம்?" என்று கேட்டார்.

கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதன்று. தந்தையார் 1968-இல் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து துணி மூட்டையோடு கன்னட நாட்டுக்கு வந்தவர். இங்கேயே கடை வைத்தார். இங்கேயே எங்களைப் பெற்று வளர்த்தார். கன்னடத்தில் கணக்கெழுதுவார், கன்னடத்தில் சண்டையும் போடுவார். ஆயினும், 'நம்ம ஊர்' என்று அவர் வாயிலிருந்து வந்தால் அது காவிரியின் கீழ்க்கரையைத்தான் குறிக்கும். இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள் பலர் வீட்டிலும் இத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பார் என்றே எண்ணுகிறோம். பிள்ளைகளோ இந்த மண்ணிலே பிறந்தவர்கள். அவர்களுக்கு மைசூர் என்பது வந்து சேர்ந்த ஊரன்று, இருக்கும் ஊர்.

கிரிக்கெட்டு விஷயத்தில் தந்தையார் விட்டுக்கொடுக்காததற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. மைசூர்க் குழுவின் வரலாறே சென்னையிடம் பட்ட அடியில்தான் தொடங்குகிறது. 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் நடந்தது. அதில் மோதியவை சென்னையும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம். ஜே. கோபாலன், கிரிக்கெட்டு, ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். மைசூர் 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மீண்டும் ஆடி 59 எடுத்தது. அவ்வளவுதான்; காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வித்தியாசம். ஏ. ஜி. ராம் சிங் என்பவர் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தந்தையார் அப்போது பிறக்கவுமில்லை. ஆயினும் நேரில் கண்டவர்போல் இதைச் சொல்லுவார்; சொல்லும்போதெல்லாம் 48, 59 என்னும் எண்களை மட்டும் சற்று நிறுத்திச் சொல்லுவார்.

அன்று மைசூர் என்றது சமஸ்தானம் முழுமையையும். ஆடியவர்களிற் பெரும்பாலோர் பெங்களூரினர். அக்குழு 1941-42-இல் இறுதியாட்டம் வரை சென்று பம்பாயிடம் படுதோல்வி அடைந்தது. பிறகு நெடுங்காலம் பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை. 1973 நவம்பரில் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியது. குழுவும் பெயர் மாறியது. அந்தப் பருவத்திலேயே அதிசயம் நிகழ்ந்தது. தொடர்ந்து 15 ஆண்டுகள் கோப்பையைக் கையைவிட்டு விடாத பம்பாயை அரையிறுதியில் வீழ்த்தி, இறுதியில் ராஜஸ்தானத்தை வென்று, கர்நாடகம் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைப் பெற்றது. தலைமை தாங்கியவர் பிரசன்னா.

இந்தப் பிரசன்னா மைசூரில் பொறியியல் படித்தவர். 1962 ஜனவரியில் சென்னையில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார்; அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்று வந்தார். பின்னர்ப் படிப்புக்காக ஆட்டத்தை ஒதுக்கி வைத்தார். 1967-இல்தான் மீண்டும் இந்தியக் குழுவில் இடம் கிடைத்தது. ஐந்தாண்டு என்பது ஆட்டக்காரனின் வாழ்வில் பாதி. அந்த இடைவெளியில் ஒருவனை யார் நினைவு வைத்திருப்பார்கள்? இந்த எண்ணம் பின்னால் வரும் ஒரு செய்திக்கும் வேண்டியிருப்பதால் இங்கே சொல்லி வைக்கிறோம். மைசூர் நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஜவகல் ஸ்ரீநாத் 236 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த வேகப் பந்து வீச்சாளர். அவரும் பொறியியல் பட்டதாரியே. மைசூரில் பந்து வீசுவதற்குப் பொறியியல் கட்டாயப் பாடமோ என்று தந்தையார் கேலி செய்வதுண்டு.

ஆனால், நகரத்திற்கென்று தனியே ஒரு குழு இருந்ததில்லை. நல்ல ஆட்டக்காரன் உருவானால் பெங்களூருக்குப் போக வேண்டியதுதான். சிற்றூருக்கும் சிறு நகரத்துக்கும் குழு வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பழையது. அங்கே பெருநகரக் குழுக்களின் கீழே சிறு நகரங்களில் கீழ்நிலைக் குழுக்கள் இருக்கின்றன. இளைஞர்கள் அங்கே பழகி மேலே போவார்கள்; மேலே தவறியவர்கள் திரும்பி அங்கேயே இறங்குவார்கள். தேறியவனை அந்த ஊர் தக்க வைத்துக்கொள்ள முடியாது. அவன் வளர்ந்ததைப் பார்த்தோம் என்ற பெருமை மட்டுமே அவ்வூருக்கு மிச்சம். அந்தப் பெருமையும் நிலையில்லை. 2021-இல் கணக்குப் பார்த்தவர்கள், 160 கீழ்நிலைக் குழுக்களை 120 ஆகக் குறைத்துவிட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கோடை மாலைகளில் கூடி உட்கார்ந்த பல ஊர்களுக்குப் பெரிய குழுக்களோடு இருந்த உறவு ஓராண்டில் அற்றுப்போயிற்று.

நம் பக்கம் இம்முறை தோன்றியது 2009-இல், கர்நாடகப் பிரீமியர் லீக் என்னும் பெயரோடு. ஊர்ப் பெயரில் குழுக்கள், ஏலத்தில் ஆட்டக்காரர்கள், செல்வர்கள் உரிமையாளர்கள். சில ஆண்டுகளில் போட்டி நின்றது. 2014-இல் மீண்டும் தொடங்கியபோது மைசூர்க் குழுவை வாங்கியது 1948 முதல் மைசூரில் ஊதுவத்தி செய்துவரும் நிறுவனம். வாரியர்ஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டே வெற்றியும் கிட்டியது. பூசையறையில் ஏற்றுகிற வத்திக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் தாயார் கேட்டார். வேண்டுதல் என்றோம். 2019-இல் சூதாட்டப் புகார் வெடித்தது. வேறு குழுக்களைச் சேர்ந்த சிலர் கைதாயினர், போட்டியே நின்றுபோயிற்று. மைசூர்க் குழுவும் அத்தோடு மறைந்தது. பிள்ளைகள் கேட்டதற்கு எங்களால் விளக்கம் சொல்ல முடியவில்லை. காசுக்காகத் தோற்பார்கள் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்லுவது?

2022 ஆகஸ்டில், காலஞ்சென்ற ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பெயரால் மகாராஜா கோப்பை என்று புதிய போட்டி பிறந்தது. அவர் 2013 டிசம்பரில் மறைந்தபோது மாநிலக் கிரிக்கெட்டுச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். முதல் பகுதி ஆட்டங்கள் அவர் பெயர் தாங்கிய மைசூர் மைதானத்திலேயே, மானசகங்கோத்ரிப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தன. நாங்கள் ராமாபுரத்திலிருந்து பேருந்தேறிச் சென்று பார்த்தோம். சுற்றிலும் மரங்கள், ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும் அளவுக்கு நெருக்கம். பிள்ளைகளுக்கு அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

மறு ஆண்டும் அவ்வாறே அழைத்துப் போவதாக வாக்களித்தோம். போனோம். மைதானத்தின் வாயில் பூட்டிக் கிடந்தது! உள்ளே ஒருவர் புல்லுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஆட்டங்கள் யாவும் பெங்களூரில் என்பதை நாங்கள் பார்க்கத் தவறியிருந்தோம். பிழை எங்களுடையதே. மைசூர்க் குழு மைசூரில் ஒரு ஆட்டமும் ஆடாது என்று யார் நினைப்பார்? பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துச் சென்று ஒட்டகச்சிவிங்கியைக் காட்டினோம். இளையவன் அதையும் முறைத்துப் பார்த்தான். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் ஹூப்ளி டைகர்ஸ் குழுவிடம் 8 ஓட்டங்களில் தோற்றோம்.

2024-இல் இக்குழுவின் தலைவராக இருந்த கருண் நாயரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தவர் அவர். சேவாக்கிற்குப் பிறகு டெஸ்டில் முந்நூறு கண்ட இந்தியர் அவர் ஒருவரே. சேப்பாக்கத்து மண்ணின் ராசி என்று தந்தையார் அன்று மகிழ்ந்தார். அதன் பின் மூன்றே ஆட்டங்கள். 2017 மார்ச்சோடு இந்தியக் குழுவில் இடமில்லை. 2022-இல் கர்நாடகக் குழுவிலும் இடம் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், கிரிக்கெட்டையே விளித்து, இன்னும் ஒரு வாய்ப்புத் தா என்று அவர் ஒற்றை வரியில் உலகறிய எழுதினார். முந்நூறு எடுத்தவன் கையேந்துவதைக் கண்டு எங்கள் வீட்டில் அன்று யாரும் பேசவில்லை. கடை நொடித்த நாட்களில் தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்த கோலம் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

பிழைப்புக்காக அவர் 2023-இல் விதர்ப்பத்துக்குச் சென்றார். ஆண்டு முழுவதும் அயல் மாநிலத்துக்கு உழைப்பு. ஆகஸ்டில் மட்டும் மைசூரின் தலைமை. 2024-இல் மங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 124 ஓட்டங்கள். தொடக்கத்தில் சொன்ன இறுதியாட்டத்தில் 66. அந்தப் பருவத்திலேயே விஜய் ஹசாரேப் போட்டியில் விதர்ப்பத்துக்காக 779 ஓட்டங்கள் எடுத்து, இறுதியில் கர்நாடகத்திடமே தோற்றார். ரஞ்சிக் கோப்பையில் 863 ஓட்டங்கள், கோப்பை விதர்ப்பத்துக்கு. பெரிய மேடைகள் மூடியிருந்த காலத்தில் ஒருவர் மட்டை பிடித்து நிற்க இடம் தந்தது இந்தச் சிறு குழு. அதனாலேயே எங்களுக்கு இதன்மீது பற்று மிகுந்தது.

இனி, பூசலுக்கு வருவோம். "யார் அந்த நாம்?" என்று தந்தையார் கேட்டாரல்லவா? மூத்தவன் வாசலிலிருந்து திரும்பி வந்தான். வாதம் வளர்ந்தது. வாங்கியவன் ஒருவன், ஆடியவன் ஒருவன், ஆடிய இடமும் பெங்களூர். இதில் மைசூர் எங்கே, நீ எங்கே என்றார் தந்தையார். கருண் நாயர் ராஜஸ்தானத்து ஜோத்பூரில் பிறந்த மலையாளி என்பதையும் எடுத்து விட்டார். அவர் சொன்னவற்றில் ஒன்றும் பொய்யில்லை. மூத்தவன் சற்று நேரம் நின்றான். பிறகு, "தாத்தா, ராம் சிங்குக்கு ஏ. ஜி. என்றால் என்ன?" என்று கேட்டான்.

தந்தையாருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது. அவன் எங்கோ படித்திருக்கிறான். ஏ என்றால் அமிருதசரஸ். ஜி என்றால் கோவிந்த் சிங். பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய சீக்கியக் குடும்பம். ராம் சிங்கின் மக்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் சென்னைக்கு ஆடி, இந்தியாவுக்கும் ஆடினார்கள். "மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தவர் உங்கள் ஊர்க்காரரா, தாத்தா?"

தந்தையார் விடை கூறவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பந்து வீசத் தெரிந்தவன் எந்த ஊராயிருந்தால் என்ன, போய்ச் சாப்பிடு" என்றார். இளையவன் மட்டும், "அப்படியானால் கருண் நாயரும் நம் ஊர்தானே?" என்று கேட்டுவிட்டு அடி விழுமுன் ஓடிவிட்டான்.

2025 ஜூன் 4-ஆம் நாள், சின்னசாமி அரங்கின் வாயில்களில் வெற்றி விழாக் காண வந்த கூட்ட நெரிசலில் 11 பேர் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின் அங்கே ஆட்டங்களுக்கு இசைவு கிடைக்கவில்லை. அதே ஜூன் 20-ஆம் நாள், கருண் நாயர் எட்டாண்டுகளுக்குப் பிறகு லீட்ஸ் நகரில் இந்தியாவுக்காக இறங்கினார். முதல் இன்னிங்ஸில் ஓட்டமே எடுக்கவில்லை. பிறகு ஓவல் மைதானத்தில் ஒரு 57. அடுத்த தொடரில் மீண்டும் இடமில்லை. வாய்ப்புக் கேட்டவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. வேறு என்ன கிடைக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

ஆகஸ்டில் மகாராஜா கோப்பை முழுவதும் மைசூருக்கே வந்தது. பிறர் சாவின் காரணமாக வீடு திரும்பிய போட்டி என்பதால் எங்களுக்கு அதில் துள்ளல் இல்லை. மங்களூர்க் குழு வென்றது. தமிழ்நாடும் கர்நாடகமும் மோதினால் தந்தையார் இன்னும் தமிழ்நாட்டின் பக்கமே. 48, 59 என்பதையும் விடவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் ஒரு மாலை, கடையை அடைத்துவிட்டு நாங்கள் உள்ளே நுழைந்தபோது, அவர் நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இளையவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏனடா, இன்றைக்கு நமக்கு யாரோடு ஆட்டம்?"