ஆபுத்திரனும் நானும்

அக்காவுக்கு முதல் கீமோ ஏற்றி நாலாம் நாள். உழுத்தங்கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலடியில் நிற்கிறேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "உதை அங்காலை கொண்டு போடா, மணக்குது" என்றாள். எங்கள் குசினியில் அந்த மணத்தை உண்டாக்கியவளே அவள்தான். கிண்ணம் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆபுத்திரன் ஞாபகத்துக்கு வந்தான்.

மணிமேகலைக் காப்பியம் என்றால் எல்லாரும் காயசண்டிகையைத்தான் பேசுவார்கள். முனிவரின் நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டு, எவ்வளவு தின்றும் அடங்காத யானைத்தீயோடு 12 வருடம் அலைந்தவள். அவளுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தில் ஒரு பிடி போதுமாயிருந்தது. அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் எங்கள் தீவல்ல, வேறெங்கோ என்று வாதிடும் பேராசிரியர்களும் உண்டு. நயினாதீவில் பிறந்தவனிடம் அது எடுபடாது. அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கே அமுதசுரபி என்றுதான் பெயர். அங்கே பந்தியில் இருந்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆபுத்திரனைத்தான் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பாத்திரம் முதலில் அவன் கையில் இருந்தது. மதுரையில் நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது, சிந்தாதேவி இரங்கிக் கொடுத்தது. ஊர் உண்டது, வந்தவர் போனவர் உண்டார்கள், பறவையும் விலங்கும் உண்டன. பிறகு இந்திரன் வரம் தர வந்தான், இவன் மதிக்கவில்லை. இந்திரன் செய்த பழிவாங்கல் விசித்திரமானது: பாத்திரத்தைப் பறிக்கவில்லை, மழையைப் பெய்வித்தான். பாண்டிநாடு விளைந்து கொழித்தது. பசிப்பவர் ஒருவருமில்லை. நிறைந்த பாத்திரத்தோடு உண்ண ஆள் தேடி அலைந்தவன், சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். காற்றுக்கு ஒதுங்கி மணிபல்லவத்தில் நின்ற கப்பல், அவன் கரையில் இறங்கியதை அறியாமல் இரவோடிரவாகப் போய்விட்டது. ஆளில்லாத தீவு. தன் வயிற்றை மட்டும் நிரப்ப இந்தப் பாத்திரமா என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விட்டான். வைகாசி விசாகத்தில் மட்டும் அது மேலே வரும்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது, விசரன், தானாவது சாப்பிட்டிருக்கலாமே என்று நினைத்தேன். இப்போது கஞ்சிக் கிண்ணத்தைத் திரும்பக் குசினிக்குக் கொண்டுபோய், வாசலில் நின்று நானே குடிக்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

அக்காவுக்கு வைத்தியம் தெல்லிப்பழையில். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்து திரட்டிய காசில் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. முன்பு மகரகமவுக்கு ஓட வேண்டும். இப்போது தீவாருக்கு வள்ளமும் இரண்டு பஸ்சும்தான். சோளகத்தில் குறிகட்டுவான் லோஞ்சு ஆடுகிற ஆட்டத்தில் வெளியூர்க்காரர் எல்லாரும் பையைத் தேடும்போது கச்சான் கொறித்துக்கொண்டிருப்பவள் அக்கா. ஐம்பது வருடக் கடலில் ஒருநாளும் சத்தி எடுக்காதவளை, அசையாத கட்டிலில் சின்னக் குழாயால் இறங்கிய மருந்து ஓங்காளிக்க வைத்தது. மூளையில் சத்தியைத் தூண்டும் இடம் கடலுக்கும் மருந்துக்கும் ஒன்றேதான்; வழிகள் வேறு.

வாட்டு மிஸ் சொன்னவை எல்லாம் சாதாரணம். சத்தி வந்த பிறகு குளிசை தேடாதேங்கோ, எழுதித் தந்த நேரத்துக்குப் போடுங்கோ. ஒரு கோப்பைச் சோற்றை ஆறாகப் பிரித்துக் கொடுங்கோ. சூடாக இருந்தால் மணம் கூட, ஆறவிடுங்கோ. வாய் இரும்பாகக் கசந்தால் எவர்சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்ரிக் கரண்டி. வாய் அவிந்தால் மிளகாய்த்தூளைத் தள்ளிவைத்து, உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். முட்டையும் மீனும் வடிவாக அவித்துக் கட்டாயம் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் யுத்தம். முட்டை சூடு, இறால் கிரந்தி, மீனில் இன்னது ஆகாது என்று பார்க்க வந்த ஒவ்வொரு மாமியும் ஒன்றைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் சொன்னபடி விட்டிருந்தால் அக்காவுக்கு மிஞ்சியிருப்பது பாணும் தேத்தண்ணியும்.

ஆய்வுத்தாள்களைத் தேடிப் படிக்கிற பழக்கத்தால் வேறொன்றும் அகப்பட்டது. 1978இல் பேர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர், கீமோ ஏற்றப் போகும் பிள்ளைகளுக்கு முன்பின் அறியாத சுவையில் ஐஸ்கிறீம் கொடுத்துப் பார்த்தார். அடுத்த முறை அதை நீட்டியபோது பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். ஓங்காளத்துக்குக் காரணம் மருந்து என்று தலைக்குத் தெரியும். வயிறோ கடைசியாகச் சாப்பிட்டதன்மேல் பழியைப் போடும். 1987இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையில் கடும் வாசனையுள்ள இனிப்பு ஒன்றைக் கொடுத்தால், பழி பெரும்பாலும் அந்த இனிப்போடு போய்விடுமாம். சாப்பாடு தப்பிக்கும்.

காளி கோயில் கடாவுக்கு இதைவிட விஞ்ஞான விளக்கம் நான் கேட்டதில்லை. அக்காவுக்குப் பிடித்த ஒடியல் கூழை மருந்து நாளுக்குக் கிட்டவும் விடாமல் ஒளித்தேன். பலிக்குத் தேர்ந்தது தோடம்பழ இனிப்பு. இரண்டாம் முறை மருந்துக்கு முன் ஒன்றை வாயில் போட்டாள். இப்போது அந்தச் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டாலே ஓங்காளிக்கிறாள். சின்ன வயதில் என்னிடம் அவள் பறித்துத் தின்ற தோடம்பழ இனிப்புகளுக்கு இது கணக்கு என்று சொன்னேன். சிரித்தாள். கூழ் தப்பிவிட்டது.

மருந்து ஏற்றி ஒரு கிழமை போனால் வெள்ளை அணுக்கள் விழும் நாட்கள். காய்ச்சல் 100.4 தொட்டால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது, உடனே ஆசுப்பத்திரி. இந்த விதியை எழுதியவர்களுக்குத் தீவின் கடைசி லோஞ்சு பற்றித் தெரியாது. அதனால் அந்த ஒரு கிழமை சுன்னாகத்தில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் அடைக்கலம்.

அங்கேதான், மருந்து ஏற்றிய பன்னிரண்டாம் நாள் காலை, அக்கா தானாக வாய் திறந்து கேட்டாள். "பழஞ்சோறு குழைச்சுத் தாவன்."

இத்தனை நாளாகக் கெஞ்சியவன் நான். அவளாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதுதான் கூடாத ஒன்று. இரவிருந்த சோறு, நேற்றைய மீன்கறி, பச்சை வெங்காயம் எல்லாம் இந்த நாட்களில் விலக்கு. இந்திரன் எங்கேயோ இருந்து சிரித்திருப்பான்.

புதுச்சோறு வடித்து ஆறவைத்தேன். விளைமீன் வாங்கித் தூள் குறைத்துக் கறி காய்ச்சினேன். வெங்காயத்தை வதக்கி, தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டு எடுத்து, தேசிக்காய் பிழிந்தேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவி, அம்மா குழைப்பதுபோல் குழைத்து, உருண்டை பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

ஒரு வாய் மென்றாள். உப்பே தெரியவில்லை என்று பத்து நாளாகச் சொன்ன நாக்கு.

"மீன் இண்டையான்" என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை.

"கள்ளன்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள், அடுத்த உருண்டைக்கு.