சாரலில் ஏழு நாட்கள்

குற்றாலத்தில் ஒரு வாரம் தங்க வேண்டும் என்று பெரியம்மா சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அருவியல்ல, அடுப்பு. அவருடன் வருபவர் அவருடைய மூத்த மகன். எந்த ஊருக்குப் போனாலும் உணவுக்கடையின் வாசலில் ஹலால் முத்திரையைத் தேடிவிட்டுத்தான் அண்ணன் உள்ளே காலெடுத்து வைப்பார். சிங்கப்பூரில் அது எளிது. 1968-இல் அமைக்கப்பட்ட 'முயிஸ்' என்னும் இஸ்லாமிய சமய மன்றம் அங்கே 1978 முதல் சான்றிதழ் வழங்கி வருகிறது. கண்ணாடிக் கதவில் முத்திரை இருந்தால் போதும். சமைப்பவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. தென்காசியில் அப்படியொரு காகிதத்தைத் தேடிக் கிளம்பினால் பட்டினிதான் கிடக்க வேண்டும். ஆகவே ஐந்தருவிச் சாலையில் சமையலறையோடு கூடிய ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்தேன். அது 2024 ஜூலை.

பெரியம்மாவும் என் அம்மாவும் கடையநல்லூரில் பிறந்தவர்கள். தறிச் சத்தம் ஓயாத தெரு. 1952-இல் எட்டு வயதுப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு தாத்தா கப்பலேறினார். நான்கு வயதான அம்மாவைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். 'பிறகு வந்து அழைத்துக்கொள்கிறோம்' என்று சொன்ன அந்தப் பிறகு வரவேயில்லை. பெரியம்மா தஞ்சோங் பகாரில் வளர்ந்தார். அங்கே கடையநல்லூர்ப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியில் படித்ததால், இன்றும் என் அம்மாவைவிடப் பெரியம்மாவின் தமிழ்க் கையெழுத்து அழகாக இருக்கும். இருவரும் சேர்ந்து இருந்த நாட்களை ஒரு கையின் விரல்களால் அல்ல, இரு கைகளின் விரல்களால் எண்ணலாம், அவ்வளவுதான்.

முதல் நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா கேட்டார். "ஏட்டீ, நீ எத்தனை தடவை அருவியிலே குளிச்சிருக்கே?"

அம்மா சிரித்தார். "ஒரு தடவையும் இல்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கடையநல்லூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அத்தா நண்பர்களோடு ஆண்டுதோறும் வந்தவர். நான் கல்லூரிக் காலத்தில் எத்தனை முறை வந்தேன் என்று கணக்கில்லை. ஊரிலே எல்லோருக்கும் குற்றாலம் சொந்தம். அம்மாவுக்கு மட்டும் அது பிறர் ஈரத்துண்டோடு திரும்பி வரும் இடமாக இருந்திருக்கிறது. எழுபத்தாறு ஆண்டுகள்!

குற்றாலத்தில் கடல் கிடையாது. ஆனால் சாரல் என்பது அரபிக்கடல் இங்கே நேரில் வருவதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து வழிவிடுகிறது. அந்தக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, மலைக்கு இந்தப் பக்கம் வெயில் காயும் நாட்களிலும் தென்காசியை நனைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இது நடக்கும். மழை என்று குடை விரித்தால் நின்றுவிடும். இல்லையென்று மடக்கினால் முகத்தில் தூறும். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியதும், ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும் வரை இங்கே வாழ்ந்து நண்பர்களுக்குக் கம்பனைப் பரிமாறியதும் இந்தச் சாரலில்தான். அந்தக் கம்பனைப் பிற்காலத்தில் சென்னையில் ஊர்கூட்டிக் கொண்டாடியவர்களுள் முதன்மையானவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில் என்பதைச் சொன்னபோது அண்ணன் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

இரண்டாம் நாள் கறி வாங்கப் போனோம். கடைக்காரர் நெற்றியில் திருநீறு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரிடமே கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்தபடி, "மோதினார் வந்துதான் ஓதி அறுப்பாரு அண்ணாச்சி. எங்கப்பா காலத்துலேருந்தே அப்படித்தான். பாய்மாரும் வாங்கணும்லா" என்றார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதுதான் வழக்கம். அதை எந்த மன்றமும் சட்டமாக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரனும் தன் கடையில் வாங்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும், அவனுடைய நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்ற கூச்சமும் சேர்ந்து உண்டாக்கிய ஏற்பாடு. உத்தரப்பிரதேச அரசு 2023 நவம்பரில் ஹலால் சான்றிதழ் பெற்ற பொருட்களைத் தடைசெய்தபோது நடந்த வாதங்களில், இந்தக் கூச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு கிலோ வாங்கினார். வீட்டுக்கு வந்ததும், "அங்கே நான் காகிதத்தை நம்புகிறேன். இங்கே ஆளை நம்ப வேண்டியிருக்கிறது. இது கொஞ்சம் கஷ்டம்" என்றார். அவர் குறை சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்தக் கஷ்டமும் இல்லை. செங்கோட்டைக்கு அருகே பிரானூரில் 'பார்டர் கடை' என்று ஊரே சொல்லும் ரஹ்மத் கடைக்குப் போனோம். வாழையிலையில் பரோட்டா, மேலே ஊற்றும் சால்னா, நாட்டுக்கோழி, காடை. பார்டர் என்ற பெயர் ஏன் என்று அண்ணன் கேட்டார். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. திரும்பும் வழியில் பழக்கடையில் மங்குஸ்தான், ரம்புட்டானுக்கு நடுவே துரியான் பழத்தைக் கண்டு பெரியம்மா குழந்தையைப்போலக் கைதட்டினார். விலையைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தென்காசி போனோம். தொழுதுவிட்டுக் காசி விசுவநாதர் கோயில் தெருவழியே நடந்தோம். 1990-இல் மீண்டும் எழுப்பப்பட்ட கோபுரத்தின் வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகம்மது அப்பா இந்த ஊரில் பிறந்து தக்கலைக்குப் போனவர் என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுநாள் கோயில் மண்டபத்தைப்போலவே தூண்கள் நிறுத்திக் கட்டிய பொட்டல்புதூர் தர்காவுக்கு அம்மாவும் பெரியம்மாவும் போனபோது அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். தர்காவுக்குப் போவது அவருக்கு ஏற்புடையதல்ல. ஆனால் இரு கிழவிகளுக்கும் குடை பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

அந்த நாட்களில் அருவிக்கு அருகே போகவே முடியவில்லை. மலையில் கனத்த மழை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. அந்த ஆண்டு மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிருந்தது. தடையைக் குறைசொல்ல எவருக்கும் வாயில்லை. அம்மா தினமும் வண்டியின் ஜன்னல் வழியே வெள்ளையாய் விழும் தண்ணீரைப் பார்ப்பார். பிறகு, "நமக்கு இதுவே போதும்" என்பார். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. அருவியில் குளிக்கக் கூடாது என்று அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. அத்தாவும் சொல்லவில்லை, மார்க்கமும் சொல்லவில்லை. பெண்களுக்குத் தனி இடம் எப்போதும் இருந்தது. 'வா' என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். ஒரு வாரத்துக்கு எங்கே சாப்பிடலாம், எங்கே தொழலாம் என்று நுணுக்கமாகத் திட்டம் போட்ட எனக்கு, அனுமதிக்கப்பட்ட ஒன்று அம்மாவுக்கு எழுபத்தாறு ஆண்டுகள் கிடைக்காமல் போனது அதுவரை கண்ணில் படவில்லை. கல்லூரி விடுமுறைகளில் ஈரத்துண்டை அம்மாவிடம் நீட்டியவன் நானும்தான்.

ஆறாம் நாள் தண்ணீர் தணிந்தது. பஜ்ர் தொழுகை முடித்து, பொழுது விடிந்ததும் ஐந்தருவிக்குப் போனோம். கூட்டம் சேரவில்லை. இருவரும் கறுப்பு அங்கியோடு, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு பெண்கள் பக்கம் போனார்கள். பெரியம்மாவின் முழங்கால் வலியை நினைத்து அண்ணன் தவித்தார். எங்களால் தடுப்புக்கு அப்பால் போக முடியாது. அருவியின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கால்மணி, அரைமணி, முக்கால்மணி. அண்ணன் நூறு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

இருவரும் திரும்பி வந்தபோது நடுவில் ஒரு பெண் இருவரையும் தாங்கிப் பிடித்திருந்தார். மஞ்சள் பூசிய முகம், நனைந்த நூல்சேலை. யாரோ, எந்த ஊரோ. "அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க தம்பி. வெளியே வரமாட்டேங்காவ" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மறுபடியும் அருவிக்கே போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நான் உலர்ந்த துண்டை நீட்டினேன். அதை வாங்கிப் பெரியம்மாவின் தலையைத் துவட்டத் தொடங்கினார். நான்கு வயதில் செய்ய முடியாமல் போனதை இப்போது செய்வதுபோல, மெதுவாக, நெடுநேரம். பெரியம்மா கண்ணை மூடித் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் ஏறியதும் அம்மா கேட்டார். "தண்ணி தலையிலே விழும்போது அடிக்கிற மாதிரி இருக்குமா எல்லாருக்கும்?"

"ஆமாம்மா" என்றேன்.

"உங்கத்தா அதைச் சொன்னதேயில்லை" என்றார்.

மறுநாள் அவர்கள் புறப்பட்டார்கள்.