நெய்யாற்றில் ஒரு படகுப் பிரயாணம்



வேலையின் நிமித்தம் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் குடியேறியிருக்கும் உங்களில் பலருக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வட்டாரமே சொந்த ஊர் என்பதை நான் அறிவேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கும் கோவளத்துக்கும் அழைத்துச் செல்கிறீர்கள். கடலைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் வடக்கே திரும்பி, மலையடிவாரத்தில் இருக்கும் நெய்யாறு அணையைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

2019ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் சபையார் 14 பேர் ஒரு வேனில் அங்கே புறப்பட்டோம். நகரங்களிலிருந்து வந்திருந்த குடும்பத்தார் சிலரும், எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டத்திலிருந்து ஆராதனைக்கு வருகிற 81 வயதுள்ள முதியவர் ஒருவரும் எங்களோடு இருந்தார்கள். அவரைச் சபையில் எல்லாரும் 'பாட்டா' என்றே அழைப்போம். பெருங்கடவிளை, ஒற்றசேகரமங்கலம், கள்ளிக்காடு வழியாகச் சென்றோம். வழியெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றுக்குப் பின்னால் மலைகளின் நீல நிறம்.

சங்கடங்கள் வேனை விட்டு இறங்கியவுடனேயே தொடங்கிவிட்டன. சென்னையிலிருந்து வந்த சகோதரி ஒருவர் ஊருக்குக் கொண்டுபோவதற்காக வாங்கியிருந்த ஒரு கிலோ ஏத்தங்காய் உப்பேரியை ஒரு குரங்கு பையோடு பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அது கிளையில் அமர்ந்து நிதானமாகத் தின்றதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். சகோதரிக்குச் சிரிக்க மனம் வரவில்லை. அடுத்தது மிதவைச் சட்டை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக வந்திருந்த நாங்கள் அதன்மேல் ஆரஞ்சு நிறச் சட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றபோது, எங்களை ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியவில்லை.

படகு புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருந்த காலமாதலால் நீர்த்தேக்கம் நிறைந்திருந்தது. இரு கரைகளிலும் காடு தண்ணீர்வரை இறங்கி நின்றது. அணை 1958இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அதைச் சூழ்ந்த 128 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியகூடம் அன்று மேகத்துக்குள் மறைந்திருந்தது. அந்த மலைகளில் பிறக்கும் நெய்யாறு சுமார் 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலைச் சேருகிறது.

சிறுவன் ஒருவன் சிங்கத்தைக் காணவே வந்திருந்தான். நீர்த்தேக்கத்தின் நடுவிலுள்ள மரக்குன்னத்தில் 1980களில் ஒரு சிங்கப் பூங்கா அமைத்திருந்தார்கள். படகு அந்தப் பக்கமாகச் சென்றபோது அவனுக்குத் தெரிந்தது வேலியும் மரங்களும் மாத்திரமே. அவன் முகம் வாடிப்போயிற்று. அங்கிருந்த கடைசிச் சிங்கமும் 2021இல் இறந்துபோனது என்று பின்னர் செய்தி வந்தபோது அந்தப் பிள்ளையின் முகமே என் நினைவுக்கு வந்தது.

பெங்களூரிலிருந்து வந்த தம்பியின் தொப்பி காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. அதை எடுப்பதற்காகப் படகைத் திருப்பியபோது பாசிக்கொடி விசிறியில் சுற்றி இயந்திரம் நின்றுவிட்டது. அதே வேளையில் மழையும் வந்தது. படகோட்டி அவசரப்படாமல் கொடியை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். கலிலேயாக் கடலில் சீஷர்கள் பயந்த கதையை ஒரு சிறுமி மெல்லிய குரலில் தன் தாயிடம் கேட்டாள். காற்று ஓய்ந்தது. மழைத்துளி தண்ணீரில் விழுகிற ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த அமைதியில் பாட்டா கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். படகோட்டி பதறிப்போய், "அப்பூப்பா, கை எடுக்கணே! முதலை உண்டு" என்றார். அது வெறும் பயமுறுத்தல் அல்ல. நெய்யாற்றில் முதலைகள் மனிதரைத் தாக்கியது உண்டு. பாட்டா கையை எடுத்துக்கொண்டார். ஈரமான விரல்களைப் பார்த்தவாறே என்னிடம், "பாஸ்டர், எங்க கால்வாயில வந்த தண்ணிக்க வீடு இதுதானா?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, அந்தக் கேள்வியின் பாரத்தை நீங்கள் அறிய வேண்டும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. ஆயினும் அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லையைத் தாண்டி விளவங்கோட்டு வயல்களுக்கு நீர் கொடுத்துவந்தது. பாட்டாவின் 40 சென்ட் நெல்வயலும் அந்த நீரால் விளைந்ததே. 2004இல் அந்த நீர் நிறுத்தப்பட்டது. நெய்யாறு இரு மாநிலங்களுக்கும் பொதுவான நதி அல்ல என்பது கேரளத்தின் வாதம். அந்த நீர் எங்கள் உரிமை என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பாட்டாவின் வயலோ அதற்குள் வாழைத் தோட்டமாகி, பின்பு ரப்பராகிவிட்டது. பல ஆண்டுகள் அந்த நீரைத் தன் வரப்பில் கண்டவர், அது தேங்கி நிற்கும் இடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டார்.

நான் கேரளத்தில் குடியிருக்கிறவன். என் சபையில் இரு மாநிலத்தாரும் உண்டு. ஆகையால் வழக்கைத் தீர்ப்பது என் வேலையல்ல. நெய்யாற்றின்கரையிலுள்ள விவசாயிக்கும் வறட்சி உண்டு. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகரம் தாகத்தால் தவித்தபோது, இதே நீர்த்தேக்கத்திலிருந்து பம்பு வைத்து இறைத்து அருவிக்கரைக்குத் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது. அன்று நகரத்துக் குழாயில் வந்த நீரும், பாட்டாவின் கால்வாயில் வராமற்போன நீரும் ஒரே மலையில் பெய்த மழைதான். இதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருந்தால், எல்லைக்கு அப்பால் இருப்பவனைக் குறித்துப் பேசும்போது நம் வார்த்தைகள் சற்று மென்மையாகும்.

இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. தொப்பியும் கிடைத்தது, அதற்குள் ஒரு சிறு மீன் இருந்தது. சிங்கம் காணாத சிறுவனுக்கு அதுவே போதுமானதாயிற்று. கரையேறுகிறபோது சேற்றில் வழுக்கி இருவர் விழுந்தார்கள். வெள்ளை உடுப்பு செம்மண் நிறமானதைத் தவிர ஒருவருக்கும் சேதமில்லை.

சில மாதங்களில் தொற்றுநோய் வந்தது. 2020 ஜூலையில் பாட்டா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். களியக்காவிளையில் எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது. அது எனக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. அவருடைய வீடு எங்கள் சபையிலிருந்து 7 கிலோமீட்டர் தூரம். கைபேசியின் வழியாகவே ஜெபித்து அடக்க ஆராதனையை நடத்தினேன். கால்வாயை நிறுத்திய அதே எல்லையில் நானும் அன்று நின்றுபோனேன்.

அன்பானவர்களே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளைகளை மாத்திரமல்ல, வீட்டிலுள்ள முதியவர்களையும் அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் செல்லுங்கள். தின்பண்டங்களைக் குரங்குகளின் கண்ணில் படாமல் வையுங்கள்; தண்ணீரில் கை வைக்காதீர்கள். கால்வாய் எங்கே ஓடியது, எந்த வயலில் என்ன விளைந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் அருகில் இருக்கட்டும். நகரத்தில் நீங்கள் குழாயைத் திறக்கும்போது, அந்தத் தண்ணீரும் எந்த மலையிலிருந்து யாருடைய ஊரைக் கடந்து வருகிறது என்று விசாரித்து அறியுங்கள். அதற்காக ஸ்தோத்திரம் செலுத்தும்போது, அது எட்டாத வயலின் சொந்தக்காரரையும் மறவாதிருங்கள்.